இன்கா எலும்பை அடையாளம் கண்டு, பதிந்து, ஒப்பிடுவது எப்படி

மண்டையோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தால், பிடரி எலும்பின் மேல்பகுதி முக்கோணமாகத் தெரியும். பெரும்பாலோருக்கு அந்த முக்கோணம் கீழ்ப்பகுதியோடு இணைந்து ஒரே தகடாக இருக்கும். சிலருக்கு மட்டும் ஒரு காது ஓரத்திலிருந்து மறு காது ஓரம் வரை குறுக்கே ஒரு தையல் (இரண்டு எலும்புகள் கூடும் பல் பல்லான கோடு) ஓடி, மேலே உள்ள முக்கோணம் தனி எலும்பாகவே நின்றுவிடுகிறது. அதுதான் இன்கா எலும்பு. இது நோயல்ல. இருப்பவருக்கு எந்தத் தொந்தரவும் தராது, இருப்பது தெரியவும் வாய்ப்பில்லை.

1838 முதல் 1842 வரை பெருவில் சுற்றிய சுவிஸ் இயற்கையியலாளர் சூடி, இது பழைய பெரு மக்களுக்கே உரிய அடையாளம் என்று நம்பினார். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. எல்லாக் கண்டங்களிலும் இந்த எலும்பு கிடைத்தது, விகிதம்தான் இடத்துக்கு இடம் மாறியது. அந்த விகிதத்தை ஒழுங்காகக் கணக்கெடுப்பதற்கான வழிமுறை இது. உடற்கூறியல், தொல்லியல், மானிடவியல் மாணவர்களுக்கும், கையில் மண்டையோட்டுத் தொகுப்பு உள்ள அருங்காட்சியகப் பணியாளர்களுக்கும் பயன்படும்.

முதலிலேயே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் துறையில் 'இந்த மக்களிடம் அதிகம், அந்த மக்களிடம் குறைவு' என்று வெளியான எண்களில் கணிசமானவை மக்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டுவன அல்ல. எண்ணியவர்கள் எதை இன்கா எலும்பு என்று எடுத்துக்கொண்டார்கள், எத்தனை மண்டையோடுகளால் வகுத்தார்கள் என்பதில் உள்ள வேறுபாட்டையே காட்டுகின்றன. அதனால் கீழே வரையறைக்கும் வகுக்கும் எண்ணுக்கும்தான் அதிக இடம்.

எலும்பு உருவாகும் விதம்

கருவியலைத் தாண்டிப் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் எது இன்கா எலும்பு, எது வெறும் தையல் எலும்பு என்ற தீர்ப்பு முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

பிடரி எலும்பின் தகடு இரண்டு வழிகளில் எலும்பாகிறது. கழுத்துத் தசைகள் பற்றும் கீழ்ப்பகுதி குருத்தெலும்பிலிருந்து வருகிறது. அதற்கு மேலுள்ள பகுதி சவ்விலிருந்து நேரடியாக எலும்பாகிறது. மேல்பகுதியில் நடுக்கோட்டின் இரு பக்கமும் இணை இணையாக எலும்பாக்க மையங்கள் தோன்றி ஒன்றோடொன்று சேர்கின்றன. மொத்தம் எத்தனை இணைகள் என்பதில் கருவியலாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. பிறக்கும்போது மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே இரு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி ஒரு பிளவு இருக்கும். அதை மெண்டோசா தையல் என்பார்கள். வழக்கமாக அது வாழ்வின் முதல் சில ஆண்டுகளில் மூடிவிடும். மூடாமல் இரு பக்கப் பிளவும் நடுவில் கூடிவிட்டால் முழு இன்கா எலும்பு. மையங்கள் தங்களுக்குள்ளும் சேராமல் போனால் அந்த முக்கோணம் இரண்டாக, மூன்றாக, சில வேளை அதற்கும் மேலாகப் பிரிந்திருக்கும்.

தையல் எலும்புகள் வேறு வகை. டென்மார்க்கின் ஓலெ வோர்ம் பெயரால் வார்மியன் எலும்புகள் என்றும் சொல்வதுண்டு. இவை தையலின் போக்கிலேயே, அல்லது உச்சிக்குழி இருந்த இடத்தில், கூடுதலாகத் தோன்றும் சின்னத் துண்டுகள். பிடரித் தகட்டின் வழக்கமான மையங்களோடு இவற்றுக்குத் தொடர்பில்லை. பிடரி எலும்பும் மண்டையின் இரு பக்கச் சுவர் எலும்புகளும் கூடும் லாம்டா வடிவத் தையலில் இவை மிகச் சாதாரணம். இவற்றை இன்கா எலும்போடு சேர்த்து எண்ணினால் விகிதம் பல மடங்கு வீங்கிவிடும்.

தொடுவதற்கு முன்

எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தொகுப்பைத் திறக்காதீர்கள். மண்டையோடுகள் ஆய்வுப்பொருள் ஆவதற்கு முன் மனிதர்களாக இருந்தவை. அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அவற்றைத் திருப்பிக் கேட்கிறார்கள். எடின்பரோ பல்கலைக்கழகம் ஒன்பது வேடர் மண்டையோடுகளை 2019-ல் இலங்கை வேடர் சமூகத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்காவில் பூர்வகுடி எச்சங்களைத் திருப்பித் தருவதற்கு 1990 முதல் தனிச் சட்டமே உண்டு. புகைப்படத்துக்கான அனுமதியைத் தனியாகக் கேளுங்கள். பார்க்க அனுமதித்தால் படமெடுக்கவும் அனுமதித்ததாகப் பொருளில்லை.

அடுத்து, மண்டையோடு எங்கிருந்து வந்தது என்ற ஆவணத்தைப் பாருங்கள். மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறைகளில் உள்ள பழைய மண்டையோடுகளில் பலவற்றுக்கு ஊர், பால், வயது எதுவும் எழுதப்பட்டிருக்காது. இந்தியாவிலிருந்து மனித எலும்பு ஏற்றுமதி 1985-ல் தடைசெய்யப்படும் வரை உலகெங்கும் பாடத்துக்கான எலும்புக்கூடுகள் பெருமளவில் இங்கிருந்தே போயின. அதனால் வெளிநாட்டு ஆய்வகங்களில் 'இந்தியர்' என்று சீட்டு ஒட்டிய மண்டையோட்டுக்கு எந்த மாநிலம், எந்தச் சமூகம் என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தகைய தொகுப்பில் இனங்காணும் பயிற்சி எடுக்கலாம். மக்களிடையே விகிதம் ஒப்பிட அதைப் பயன்படுத்தக் கூடாது.

கருவிகள்

பெரிதாக எதுவும் தேவையில்லை. மணல் பை அல்லது தடித்த துணி வளையம், 5 மடங்கு உருப்பெருக்கி, கழுத்து வளையும் மேசை விளக்கு, மென்மயிர்த் தூரிகை, மூங்கில் குச்சி, நழுவு காலிப்பர், 10 செ.மீ. அளவுகோல் பட்டை, கறுப்பு நூல், கையுறை, பதிவுத் தாள். இவ்வளவுதான். உலோக ஊசியை மேசையிலேயே வைக்காதீர்கள். தையலில் அடைந்த மண்ணை ஊசியால் கீறினால் புதிதாக ஒரு 'தையல்' உண்டாகிவிடும்.

மண்டையோட்டை இரண்டு கைகளாலும், அடியிலிருந்து தாங்கித் தூக்குங்கள். கண்குழியில் விரல் விட்டோ, கன்ன எலும்பு வளைவைப் பிடித்தோ தூக்கக் கூடாது. மேசையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயர்த்தவே வேண்டாம்.

பார்க்கும் முறை

முகம் உங்களுக்கு அப்பாலும் பின்மண்டை உங்களை நோக்கியும் இருக்கும்படி மணல் பையில் நிறுத்துங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கை ஒரு பக்கத்தில் எலும்புப் பரப்போடு சுமார் 30 டிகிரி சாய்வில் வையுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் பாதி மூடிய தையல், பக்க வெளிச்சத்தில் நிழலாக எழும். ஒரு பக்கம் பார்த்ததும் விளக்கை மறுபக்கத்துக்கும், பிறகு மேல்பக்கத்துக்கும் மாற்றி மீண்டும் பாருங்கள். ஒரே பக்க வெளிச்சத்தில் அந்த வெளிச்சத்துக்கு இணையாக ஓடும் தையல் தெரியாது.

முதலில் மூன்று புள்ளிகளை உறுதிசெய்யுங்கள். உச்சியின் நடுத்தையல் வந்து பிடரி எலும்பைத் தொடும் இடம் லாம்டா. சுவர் எலும்பு, பொட்டெலும்பு, பிடரி எலும்பு மூன்றும் கூடும் இடம் ஆஸ்டீரியன், இது இரு பக்கமும் உண்டு. பின்மண்டையின் நடுவில் விரலுக்குத் தட்டுப்படும் புடைப்பு மூன்றாவது. முழு இன்கா எலும்பின் கீழ் எல்லை, ஒரு ஆஸ்டீரியனிலிருந்து கிளம்பி அந்தப் புடைப்புக்குச் சற்று மேலாகக் கடந்து மறு ஆஸ்டீரியனில் முடியும். அந்தப் பாதையில் மட்டுமே தேடுங்கள். புடைப்புக்கு வெகு கீழே, கழுத்துத் தசை பற்றிய சொரசொரப்பான பகுதியில் தெரியும் கோடு எதுவானாலும் அது இன்கா தையல் இல்லை.

பிறகு இடது ஆஸ்டீரியனில் தொடங்கி, லாம்டா வரை ஏறி, வலப்புறம் இறங்கி, குறுக்குப் பாதையில் திரும்ப இடப்புறம் வந்து சேருங்கள். வழியில் விரல்நுனியையும் ஓட்டுங்கள். கண் தவறவிடும் சிறு படியை விரல் பிடிக்கும். எல்லா மண்டையோட்டுக்கும் இதே வரிசை. வரிசை மாறினால் களைப்பு வரும் மதிய நேரத்தில் ஏதாவது ஒரு பக்கம் விடுபடும்.

குழப்பும் இடங்கள்

இதில்தான் ஆய்வு நிற்பதும் விழுவதும்.

முதல் குழப்பம், லாம்டாவில் உட்கார்ந்திருக்கும் தனித் துண்டு. இது பிடரித் தகட்டின் உச்சி மையம் சேராமல் நின்ற பகுதியாகவும் இருக்கலாம், உச்சிக்குழியில் முளைத்த தையல் எலும்பாகவும் இருக்கலாம். நூலை எடுங்கள். இடப்பக்க லாம்டா தையல் ஒழுங்காக ஓடும் பகுதியில் நூலை வைத்து, அதே போக்கில் மேலே நீட்டுங்கள். வலப்பக்கத்திலும் அப்படியே செய்யுங்கள். இரண்டு நூலும் சந்திக்கும் இடம்தான் தகட்டின் இயல்பான உச்சி. துண்டின் பெரும்பகுதி நூலுக்குக் கீழே, பிடரி எலும்பின் எல்லைக்குள் இருந்தால் அது நடுவகை (முக்கோணத்தின் நடுப்பகுதி மட்டும் பிரிந்த) இன்கா எலும்புக்கான வேட்பாளர். நூலின்மேல் இருபுறமும் பரவியோ, நூலுக்கு மேலே சுவர் எலும்புப் பக்கம் நீட்டியோ இருந்தால் தையல் எலும்பு.

ஒரு மண்டையோட்டை எடுத்துக்கொள்வோம். லாம்டாவில் 24 மி.மீ. உயரமும் 38 மி.மீ. அகலமும் கொண்ட துண்டு. நூல் பிடித்தால் இடது விளிம்பு நூலோடு ஒட்டிப் போகிறது. வலது விளிம்பு நூலைத் தாண்டி 9 மி.மீ. சுவர் எலும்புக்குள் நுழைந்திருக்கிறது. அதே வலப்பக்கத் தையலில் கீழே இன்னும் மூன்று சிறு துண்டுகள். முதல் பார்வைக்கு இது இன்கா எலும்பு போலவே தோன்றும், அளவும் பெரியதுதான். ஆனால் எல்லை மீறிய விளிம்பும், அதே தையலில் வரிசையாக உள்ள துணைத் துண்டுகளும் தையல் எலும்பு என்றே சொல்கின்றன. 'லாம்டா தையல் எலும்பு' என்று பதிந்து, அளவையும் எழுதிவிடுங்கள். அளவை மட்டும் வைத்து முடிவெடுப்பது இந்தத் துறையின் பழைய கெட்ட பழக்கம்.

இரண்டாவது, ஆஸ்டீரியனிலிருந்து உள்நோக்கிச் சிறிது தூரம் ஓடி நின்றுவிடும் பிளவு. இது மெண்டோசா தையலின் மிச்சம். வளர்ந்தவர்களிலும் சகஜமாகக் காணலாம். இதை இன்கா எலும்பாக எண்ணக் கூடாது, ஏனென்றால் எந்த எலும்பும் தனியாகப் பிரியவில்லை. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் 'தையல் மிச்சம்' என்று தனிப் பத்தியில் பதியுங்கள். அந்த 10 என்பது நாமே வைத்துக்கொள்ளும் எல்லைதான். 10 வேண்டாம் என்றால் வேறு எண் வையுங்கள், ஆனால் தொடங்குவதற்கு முன் வையுங்கள்.

மூன்றாவது, முறிவு. தையலின் விளிம்பு பல் பல்லாக இருக்கும், விளிம்பில் கெட்டியான வெளி எலும்பு மடிந்து உள்ளே போகும், நடுவிலுள்ள பஞ்சு எலும்பு வெளியே தெரியாது. மண்ணுக்குள்ளோ அலமாரியிலோ உடைந்த விளிம்பில் பஞ்சு எலும்பு திறந்து கிடக்கும், புதிய உடைப்பானால் நிறமும் வெளிறியிருக்கும். முறிவுக் கோடு தையல்களை மதிக்காமல் வெட்டிக்கொண்டு போகும். தையல் அப்படிப் போகாது, இன்னொரு தையலில் போய் முடியும்.

நான்காவது, ரம்பம். கல்லூரி மண்டையோடுகளில் மூளையைக் காட்ட மேல்மூடியை வட்டமாக அறுத்திருப்பார்கள். அந்த வெட்டு பின்பக்கத்தில் பெரும்பாலும் புடைப்புக்குச் சற்று மேலேயே போகும். அதாவது இன்கா தையல் இருக்கக்கூடிய அதே பாதையில். ரம்பத்தின் தடிமனுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எலும்பு தூளாகிப் போயிருக்கும். வெட்டின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் தையல் பற்கள் தெரிகின்றனவா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். தெரியாவிட்டால் 'இல்லை' என்று எழுதாதீர்கள், 'பார்க்க இயலாது' என்று எழுதுங்கள். போதாக்குறைக்கு இந்த மண்டையோடுகளில் பலவற்றுக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள், அது மெல்லிய தையலை நிரப்பி மறைத்துவிடும்.

ஐந்தாவது, வயது. குழந்தைகளில் மெண்டோசா தையல் திறந்திருப்பது இயல்பு, ஆகவே சிறுவர் மண்டையோடுகளை வயதுவந்தோரோடு கலக்க வேண்டாம். மறுமுனையில், முதியவர்களில் லாம்டா தையலே கரைந்து போயிருக்கலாம். தையல் மூடுவது பெரும்பாலும் உட்புறத்திலிருந்து தொடங்குகிறது. மண்டையோட்டின் மேல்மூடி அறுத்துத் திறந்திருந்தால் உட்புறத்தையும் பாருங்கள், ஆனால் தீர்ப்பை வெளிப்புறத்தை வைத்தே சொல்லுங்கள். லாம்டா தையலின் தடமே தெரியாத அளவு கரைந்திருந்தால் அதுவும் 'பார்க்க இயலாது'.

சி.டி. படத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இன்கா தையல் கிடைமட்டமாக ஓடுகிறது. வழக்கமான குறுக்கு வெட்டுகளும் கிட்டத்தட்ட அதே தளத்தில்தான் போகின்றன. 5 மி.மீ. தடிமன் வெட்டில் தையல் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே கரைந்துவிடும். 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டில் எடுத்து, பக்கவாட்டுத் தளத்திலும் முன்பின் தளத்திலும் மறு உருவாக்கம் செய்து பாருங்கள். முப்பரிமாணப் படம் அழகாக இருக்கும், ஆனால் மென்மையாக்கும் அமைப்பு போட்டிருந்தால் மெல்லிய தையலை விழுங்கிவிடும். குழந்தைகளின் படத்தில் இந்தத் தையலை முறிவு என்று எழுதிவிட்டால் அது காவல்துறை வரை போகக்கூடிய தவறு. இரு பக்கமும் ஒத்திருக்கிறதா, விளிம்பு அடர்ந்து வெண்மையாக இருக்கிறதா, ஆஸ்டீரியனில் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டே எழுதுங்கள்.

குறியீடு

பதிவுத் தாளில் 'உண்டு / இல்லை' என்று மட்டும் வைத்தால் பிறகு யாருடைய எண்ணோடும் ஒப்பிட முடியாது. வகைகளைத் தனித்தனியாக எழுதினால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்து எழுதியதைப் பிரிக்க முடியாது.

0 – இல்லை; முழுப் பாதையும் பார்த்தாயிற்று
1 – முழு முக்கோணம், பிரிவில்லாதது
2 – முழு முக்கோணம், நடுவில் இரண்டாகப் பிரிந்தது
3 – முழு முக்கோணம், மூன்றாகவோ அதற்கு மேலோ பிரிந்தது
4 – பகுதி, நடுவில் மட்டும்
5 – பகுதி, ஒரு பக்கம் மட்டும் (இடம் அல்லது வலம் என்று சேர்த்து எழுதுக)
6 – சந்தேகத்துக்குரியது, படம் கட்டாயம்
9 – பார்க்க இயலாது, காரணம் எழுதுக

0-வும் 9-ம் ஒன்றல்ல. பதிவுத் தாளில் வெற்றிடம் விட்டு, கணினியில் ஏற்றும்போது வெற்றிடம் பூஜ்யமாக மாறிப்போவது அடிக்கடி நடக்கும். வெற்றிடமே விடாதீர்கள்.

குறியீட்டோடு மண்டையோட்டு எண், வயதுப் பிரிவு, பால், லாம்டா தையலின் நிலை, இரு பக்கத் தையல் எலும்புகளின் எண்ணிக்கை, முக்கோணத்தின் அகலமும் உயரமும் மில்லிமீட்டரில், பட எண், பார்த்தவரின் முதலெழுத்து, தேதி. காலிப்பரில் தசமம் வேண்டாம், தையல் விளிம்பே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வளைந்து நெளிகிறது. தையல் எலும்புகள் பத்துக்கு மேல், ஒவ்வொன்றும் 6-க்கு 4 மி.மீ.க்கு மேல், சில்லு சில்லாகப் பரவியிருந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள். எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய் போன்றவற்றில் அப்படி வரும், அந்த மண்டையோடு இயல்பான மாறுபாட்டுக் கணக்கில் சேராது.

செயற்கையாக வடிவம் மாற்றிய மண்டையோடா என்பதற்கும் பதிவுத் தாளில் ஒரு பத்தி கட்டாயம். பழைய பெருவில் குழந்தைகளின் தலையைக் கட்டியோ பலகை வைத்து அழுத்தியோ வடிவம் மாற்றும் வழக்கம் பரவலாக இருந்தது. இந்த அழுத்தம் லாம்டா தையலில் தையல் எலும்புகளின் எண்ணிக்கையைப் பாதிக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வடிவம் மாறியவற்றையும் மாறாதவற்றையும் கலந்து ஒரே சதவீதம் சொன்னால், மரபைச் சொல்கிறோமா தொட்டில் பழக்கத்தைச் சொல்கிறோமா என்று தெரியாது.

எதை எதால் வகுப்பது

எண்ண வேண்டியது தலைகளை, எலும்புத் துண்டுகளை அல்ல. மூன்றாகப் பிரிந்த ஒரு முக்கோணம் ஒரு நிகழ்வுதான். வகுக்கும் எண்ணில், முழுப் பாதையும் பார்க்க முடிந்த மண்டையோடுகள் மட்டும் வர வேண்டும். 9 குறியீடு பெற்றவை வெளியே. 80 மண்டையோடுகளில் 20 பார்க்க இயலாதவை, 3-ல் எலும்பு உண்டு என்றால், விடை 60-ல் 3, அதாவது 5 சதவீதம். 80-ஆல் வகுத்தால் 3.75 ஆகிவிடும். பழைய அட்டவணைகளில் இந்த இரண்டும் கலந்து கிடக்கும்.

5 சதவீதம் என்று எழுதி நிறுத்தாதீர்கள். 60-ல் 3 என்பதற்கு வில்சன் முறையில் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, 1.7 முதல் 13.7 வரை போகிறது. அந்த அகலத்தைப் பார்த்தால் பெருமை தானாக அடங்கும். ஒரு மக்களிடம் உண்மையான விகிதம் 5 சதவீதமாகவே இருந்தாலும், 30 மண்டையோடுகள் மட்டும் பார்த்தால் ஒன்றுகூட அகப்படாமல் போக 21 சதவீத வாய்ப்பு உண்டு. 60 பார்த்தால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். 1899-க்குப் பின் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தது போன்ற சிறு தொகுப்புகளுக்கு, அதிலும் உடைந்தவை கலந்தவற்றுக்கு, சதவீதமே போடாமல் 'இத்தனையில் இத்தனை' என்று எழுதுவதுதான் முறை.

இரண்டு குழுக்களை ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். ஒன்றில் 60-ல் 3, மற்றொன்றில் 40-ல் 0 என்று வைப்போம். 5-க்கும் 0-க்கும் இடையே பெரிய வேறுபாடு போலத் தோன்றும். இரு குழுவும் ஒரே மாதிரி இருந்தாலும், அந்த மூன்றும் முதல் குழுவிலேயே விழ ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாய்ப்பு உண்டு. இப்படிச் சின்ன எண்களுக்கு கை-வர்க்க (chi-square) சோதனை பொருந்தாது, ஃபிஷரின் துல்லியச் சோதனையைப் போடுங்கள். மக்கள்குழுக்களுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் சராசரி விலகல் அளவை எனப்படும் ஸ்மித்தின் முறை பல பண்புகளைச் சேர்த்துக் கணக்கிடுவதற்கானது. இன்கா எலும்பை மட்டும் அதில் போட்டு உறவு மரம் வரைவது வீண் வேலை.

உங்கள் கண்ணைச் சோதிக்க

முதல் சுற்று முடிந்து இரண்டு வாரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல், எண்களை மறைத்து, மண்டையோடுகளை வரிசை மாற்றி மறுபடி பாருங்கள். முடிந்தால் இன்னொருவரையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சுற்றும் எத்தனை சதவீதம் ஒத்துப்போனது என்று மட்டும் எழுதினால் ஏமாந்துபோவீர்கள். 100 மண்டையோடுகள், முதல் சுற்றில் 4, இரண்டாவதில் 4, இரண்டிலும் வந்தவை 2 மட்டும் என்று வையுங்கள். ஒத்துப்போனது 96 சதவீதம்! ஆனால் எலும்பு உண்டு என்று சொன்னதில் பாதிக்குப் பாதி மாறியிருக்கிறது. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுச் சொல்லும் காப்பா (kappa) கணக்குப் போட்டால் 0.48-தான் வரும். அரிதான பண்புகளுக்குக் காப்பாதான் நேர்மையான அளவு. 0.8-க்குக் கீழே வந்தால் வரையறையைத் திருத்தி எழுதிவிட்டு, குறியீடு 4, 5, 6 பெற்றவற்றை முதலிலிருந்து பாருங்கள். மாற்றம் பெரும்பாலும் அந்த மூன்றில்தான் இருக்கும். 1 என்று பதிந்தது அநேகமாக அசையாது.

உலகப் படம், அதைப் படிக்கும் விதம்

ஒரே வரையறையில் உலகெங்கும் உள்ள தொகுப்புகளைப் பார்த்த வேலைகளில் முக்கியமானது ஜப்பானியர்களான ஹனிஹாராவும் இஷிதாவும் 2001-ல் வெளியிட்டது. அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகளிடம் பொதுவாக அதிகம். வடகிழக்கு ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குறைவு. மத்திய ஆசியா, மேற்கு ஆசியா, ஐரோப்பா ஆகியவற்றிலும் குறைவு. சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் இரண்டாவது உச்சம். நம் பக்கத்தில் திபெத்-நேபாளக் குழுவிலும், அஸ்ஸாம்-சிக்கிம் குழுவிலும் அண்டை மக்களைவிட அதிகம்.

இந்தப் படத்தில் கவனிக்க வேண்டியது ஒரு முரண். அமெரிக்கப் பூர்வகுடிகளின் முன்னோர் வந்தது வடகிழக்கு ஆசியா வழியாக. ஆனால் வடகிழக்கு ஆசியாவில் குறைவு, அமெரிக்காவில் அதிகம். கிழக்கு ஆசிய வழித்தோன்றல்களில் ஒதுங்கி வாழ்ந்த விளிம்புக் குழுக்கள் சிலவற்றில்தான் விகிதம் மிக உயர்ந்தது. சிறு கூட்டமாகப் பிரிந்து போனவர்களிடம் ஒரு பண்பு தற்செயலாகக் கூடுவதோ குறைவதோ நடக்கக்கூடியதே, அப்படிப் பார்த்தால் முரண் விலகுகிறது. மரபின் பங்கை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது என்று இந்தப் பரவல் காட்டுகிறது, மரபு மட்டுமே காரணம் என்று காட்டவில்லை.

இன்னொன்று: சீனாவில் கிடைத்த தொல்மனிதனான பீக்கிங் மனிதனின் மண்டையோடுகளை ஆராய்ந்த வைடன்ரைக், அவற்றில் கண்ட இன்கா எலும்பை இன்றைய கிழக்கு ஆசியர்களோடு தொடர்பைக் காட்டும் அடையாளங்களுள் ஒன்றாக 1943-ல் எடுத்துவைத்தார். ஆப்பிரிக்காவில் உயர்ந்த விகிதம் தெரிந்த பிறகு அந்த வாதத்துக்குப் பிடிமானம் இல்லை. கிழக்கு ஆசியாவுக்கு மட்டும் உரிய பண்பாக இதை யாராவது இன்றும் எழுதினால், ஆப்பிரிக்கத் தரவைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

தடயவியல் அறிக்கையில்

அடையாளம் தெரியாத மண்டையோட்டில் இன்கா எலும்பு இருந்தால் 'இன்ன இனத்தவர்' என்று எழுதும் ஆசை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கற்பனையாக, ஒரு வட்டாரத்தில் 5,100 பேர். அதில் 100 பேர் இந்தப் பண்பு 5 சதவீதம் உள்ள குழுவினர், 5,000 பேர் 1 சதவீதம் உள்ள குழுவினர். முதல் குழுவில் 5 பேருக்கு இருக்கும், இரண்டாவதில் 50 பேருக்கு. கிடைத்த மண்டையோடு பண்பு அரிதாக உள்ள குழுவைச் சேர்ந்ததாக இருக்கவே பதினொன்றுக்குப் பத்து வாய்ப்பு. இனத்தைச் சொல்ல இது உதவாது. ஆனால் காணாமல் போனவரின் பழைய தலை எக்ஸ்-ரேயோ சி.டி.யோ கிடைத்தால் ஆளை உறுதிசெய்ய நன்றாக உதவும், ஏனென்றால் தையலின் நெளிவு ஆளுக்கு ஆள் வேறு. அதனால் அறிக்கையில் வகைக் குறியீடு, அளவுகள், அளவுகோலோடு நேர் பின்பக்கப் படம், இரு பக்கச் சாய்வு வெளிச்சப் படங்கள் ஆகியவற்றைச் சேருங்கள். இனம் என்ற கட்டத்தில் இந்த எலும்பை ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.